சைன் ஆஃப் ஆன பிறகு மென்பொருள் யாருடைய பொறுப்பு?

கேள்வி: தண்டையார்பேட்டையில் கன்டெய்னர் யார்டு நடத்தும் நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கவனிக்கிறேன். கேட் பாஸ், யார்டு இருப்பு, பில்லிங் மூன்றையும் தனித்தனி பிராஜெக்டுகளாக வெளியாரிடம் கொடுத்துச் செய்தோம். இப்போது ‘பிராடக்ட் மாடல்’ முறைக்கு மாறும்படி நிர்வாகம் சொல்கிறது. எங்கிருந்து தொடங்குவது? பட்ஜெட்டை எப்படிக் கேட்பது?

பதில்: பிராஜெக்ட் முறையில் வேலை முடிந்ததென்று நீங்கள் ஒப்புதல் கையெழுத்து (சைன் ஆஃப்) போட்டதும் குழு கலைந்துவிடும்; பிராடக்ட் மாடலில் ஒரே குழு அந்த மென்பொருளைத் தொடர்ந்து உருவாக்கிப் பராமரிக்கும். விசிட்டிங் கார்டில் ‘பிராஜெக்ட் மேனேஜர்’ என்பதை ‘பிராடக்ட் மேனேஜர்’ என்று மாற்றி அச்சிடுவதோடு இந்த வேலை முடிந்துவிட்டதாக நினைக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே பதவிப் பெயர்களை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஒரு நாள் காலையில், லாரிகள் வரிசை கட்டும் நேரத்தில், உங்கள் கேட் கிளார்க்கின் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் உண்டு. அவற்றில் கடைசி இலக்கம், முன்னுள்ள பத்தையும் வைத்து ஐஎஸ்ஓ 6346 என்ற சர்வதேசத் தர விதிப்படி கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். கிளார்க் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் மென்பொருளால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே பிடித்துவிட முடியும். உங்கள் திரையில் அது நடக்காமல், தவறான எண் யார்டு இருப்புக்குள் நுழைந்து பில்லிங்கில்தான் வெளிப்படுகிறது என்றால், அந்தச் சின்ன வேலை எந்த பிராஜெக்டின் ஸ்கோப்பிலும் (வேலை வரம்பிலும்) எழுதப்படவில்லை என்பதே காரணமாக இருக்கும். குழு கலைந்த பின் அதைச் சேர்க்கச் சொன்னால் சேஞ்ச் ரெக்வெஸ்ட் (மாற்றக் கோரிக்கை), எஸ்டிமேட், ஒப்புதல் என்று வாரங்கள் ஓடும்.

எனவே மூன்றையும் ஒரே நாளில் மாற்றாமல், கேட் பாஸை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்தாறு பேர் கொண்ட நிலையான குழுவிடம் ஒப்படையுங்கள். எழுதுவதும் பராமரிப்பதும் அதே குழுதான். அதன் தலைமைக்கு யார்டு வேலை தெரிந்தவர் வேண்டும்; ரிப்போர்ட் தயாரிக்க மட்டும் தெரிந்தவர் போதாது. அம்சங்களின் பட்டியலைத் தராமல், லாரி கேட்டுக்கு வந்ததிலிருந்து பாஸ் கைக்குக் கிடைக்கும் வரை ஆகும் நேரத்தையும் தவறான பதிவுகளின் எண்ணிக்கையையும் குறைக்கும் பொறுப்பைக் கொடுங்கள். ஆனால் தொடங்குவதற்கு முன் நான்கு வாரம் இவ்விரண்டையும் அளந்து குறித்து வையுங்கள். இல்லையெனில் பின்னர் நிதிப்பிரிவு கேட்கும்போது காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

பட்ஜெட்டில் ‘இத்தனை அம்சங்களுக்கு இவ்வளவு’ என்று கேட்காமல், குழுவின் ஓராண்டுச் செலவைக் கேளுங்கள். காலாண்டுக்கு ஒருமுறை அந்த இரண்டு அளவுகளையும் பார்த்துத் தொடர்வதா, குறைப்பதா என்று நிர்வாகமே முடிவு செய்யட்டும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது நேர்ந்ததைப் போல, தேதியையும் தேவையையும் அரசே நிர்ணயிக்கும் வேலைகள் பிராஜெக்டாகவே இருப்பதில் தவறில்லை.

வெளியாரை உடனே விலக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தை மட்டும் ஆள்கணக்கில், ஆண்டு அடிப்படையில் மாற்றி எழுதி, சோர்ஸ் கோடும் சர்வர் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.