பாலிஷ் போட்டால் பழைய நிறம் திரும்புமா?

கேள்வி: அப்பா ஓட்டிய சிவப்பு மாருதி 800 பல வருடமாக வாசலில் வெயிலில் நிற்கிறது. பானட்டும் கூரையும் வெளுத்துவிட்டன, தொட்டால் கையில் சிவப்பாக ஒட்டுகிறது. மெஷின் பாலிஷ் போதுமா, இல்லை முழு பெயிண்ட் அடித்துவிடலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கையில் சிவப்பு ஒட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நல்ல செய்தி. மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத காப்புப் பூச்சு இல்லாமல், நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கும் பெயிண்ட் அது. வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பில் உள்ள பிசினை அரித்துவிடுவதால் நிறமி பொடியாக உதிர்கிறது. பானட்டும் கூரையும் வானத்தைப் பார்த்தபடி கிடப்பதால் முதலில் அவைதான் போகும், கதவுகள் பெரும்பாலும் தப்பித்துவிடும். செத்துப்போன அந்த மேல் அடுக்கை மட்டும் எடுத்துவிட்டால் கீழே நல்ல சிவப்பு இருக்கும்.

2014 தொடக்கத்தோடு உற்பத்தி நின்றுபோன வண்டி இது, கம்பெனி பெயிண்ட் ஒருமுறை போனால் போனதுதான். ஆகவே முழு பெயிண்டைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மெஷினை எடுப்பதற்கு முன் ஒரு விஷயத்தை மனதில் பதிய வையுங்கள்: பாலிஷ் என்றால் பூசுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் அது பெயிண்டைத் தேய்த்து எடுக்கும் வேலை. கார் கம்பெனிகள் அடிக்கும் மொத்தப் பூச்சும் சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான், கிளியர் கோட் உள்ள வண்டிகளில் அந்தக் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. தடிமன் அளக்கும் மீட்டர் உள்ள கடைக்குப் போய் ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 200-க்கு மேல் காட்டினால் அந்த இடம் ஏற்கனவே ஒருமுறை பெயிண்ட் அடித்தது, அதைவிட மிக அதிகமாகக் காட்டினால் உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கிறது. 80-க்குக் கீழே என்றால் அங்கே காம்பவுண்டை, அதாவது பாலிஷைவிட வேகமாகப் பெயிண்டை வெட்டும் பசையை, கொண்டுபோகவே வேண்டாம்.

அப்புறம் வேலை. சோப்புத்தூள் போடாமல் கார் ஷாம்பூவில் கழுவி, ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்ட் மேல் தடவிப் பாருங்கள், வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் தெரியும். கடற்கரை ஊர், உப்புக்காற்றும் தூசியும் நன்றாகவே பிடித்திருக்கும். ஷாம்பூ தண்ணீர் தெளித்துக்கொண்டே கிளே பாரை (ஒட்டிய அழுக்கைப் பிடித்து எடுக்கும் களிமண் போன்ற கட்டி) அழுத்தாமல் மெதுவாக வழுக்கிவிட்டு எடுத்தால் அது போய்விடும், இதைச் செய்யாமல் மெஷினை ஓட்டினால் அந்தத் துகள்களே புதுக் கீறல் போடும். விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் மெல்லிசு, அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். நிழலில், தகடு நன்றாக ஆறிய பிறகு, பானட்டில் இரண்டடிச் சதுரம் மட்டும் எடுத்து, மென்மையான ஃபோம் பேடும் மெல்லிய பாலிஷும் வைத்துத் தொடங்குங்கள். அதில் தெளிந்தால் வண்டி முழுக்க அதுவே போதும், தெளியாவிட்டால்தான் அடுத்த கட்டமாகக் காம்பவுண்ட். பேட் சீக்கிரமே சிவப்பாகி அடைத்துக்கொள்ளும், அடிக்கடி துடைத்து மாற்றுங்கள். நகத்தால் வருடும்போது நகம் மாட்டுகிற கீறலைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள், அதை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. வேலை முடிந்ததும் கட்டாயம் மெழுகு போடுங்கள், இல்லாவிட்டால் இந்த வகைப் பெயிண்ட் மறுபடி வெளுக்க ஆரம்பித்துவிடும்.

கேள்வி: கறுப்பு நிறக் காருக்கு ஒரு கடையில் பாலிஷ் போட்டேன். கொடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது, சில முறை கழுவியதும் வெயிலில் வட்டவட்டமாகக் கோடுகள் தெரிகின்றன. பாலிஷ் கரைந்துவிட்டதா? (வாசகி, கோவை)

பதில்: கரைந்தது பாலிஷ் இல்லை, கோடுகளை மூடி வைத்திருந்த எண்ணெயும் மெழுகும்தான். சுற்றும் ரோட்டரி மெஷினில் வுல் (கம்பளி) பேட் போட்டு வேகமாக வெட்டிவிட்டு, அதன் தடத்தை ஃபோம் பேடால் நீக்காமல், மேலே பளபளப்பு மருந்தைத் தடவிக் கொடுத்திருப்பார்கள். நேரத்தை மிச்சம் பிடிக்கிற வேலை இது, சொல்லவே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் வெட்டிய பெயிண்ட் போனது போனதுதானே. அடுத்த முறை வண்டியை எடுப்பதற்கு முன், எண்ணெயையும் மெழுகையும் எடுத்துவிடும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒரு இடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு வெயிலில் நிறுத்தியோ எல்.இ.டி. டார்ச் அடித்தோ பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான பெயிண்ட். இப்போது உள்ள கோடுகளை டூயல் ஆக்‌ஷன் மெஷினில் (பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் வகை) மெல்லிய பாலிஷ் வைத்து எடுத்துவிடலாம், ஆனால் முதலில் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசியைத் துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள், அதே வட்டக் கோடுகளை அதுவும் போடும்.

கேள்வி: வீட்டில் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது. பஃபிங் பேட் மாட்டி நானே செய்யலாமா? (வாசகர், சேலம்)

பதில்: வேண்டவே வேண்டாம். சாதாரண 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும், காம்பவுண்ட் போடும்போது ரோட்டரி மெஷினையே 1,000 முதல் 1,500 சுற்றில்தான் ஓட்டுவார்கள். அந்தச் சூட்டில் சில நொடிகளில் பெயிண்ட் கருகி அடிப்பூச்சு தெரிந்துவிடும். சொந்தமாகச் செய்யும் ஆசை நல்ல ஆசைதான், அதற்கு டூயல் ஆக்‌ஷன் மெஷின் வாங்குங்கள். பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்வதால் ஒரே இடத்தில் சூடு சேர்வது குறைவு, அழுத்தினால் சுற்றுவது நின்றுவிடும். டிங்கர் கடையில் பழைய பானட் ஒன்று கேட்டு வாங்கி, அதில் கை பழகிய பிறகு உங்கள் வண்டிக்கு வாருங்கள்.

கேள்வி: கிளியர் கோட் செதில் செதிலாக உரிகிறது. செராமிக் கோட்டிங் போட்டால் நிற்குமா? (வாசகர், திருச்சி)

பதில்: நிற்காது. செராமிக் என்பது பெயிண்ட் மேல் பூசும் காப்புப் பூச்சுதான். உரிந்த இடத்துக்குப் பாலிஷும் உதவாது, செராமிக்கும் உதவாது, அந்தப் பகுதிக்கு மட்டும் தேய்த்து மறு பெயிண்ட்தான். மற்ற இடங்களில் கீறல்களை எடுத்த பிறகே கோட்டிங் போட வேண்டும், இல்லையென்றால் கீறலுக்கு மேல் பூசி அதை உள்ளேயே வைத்துப் பூட்டியதாகிவிடும். புது பெயிண்ட் நன்றாகக் காய்ந்து இறுகும்வரை அதன் மேல் மெழுகும் வேண்டாம், கோட்டிங்கும் வேண்டாம், எத்தனை நாள் என்று அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.