செவலைக்கு ஒரு மொய் நோட்டு

கேள்வி: பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, வண்டியில் அடிபட்டுப் பின்னங்கால் முறிந்து சாலையோரம் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கிவந்து வளர்த்தோம். செவலை என்று பெயர். சென்ற மாதம் அதன் தாடைக்கு அடியிலும் முழங்காலுக்குப் பின்னாலும் நெல்லிக்காய் அளவில் கட்டிகள் தென்பட்டன. மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, நிணநீர்ப் புற்றாக இருக்கக்கூடும் என்றும், ஆறு மாதம் கீமோ கொடுக்க 90,000 ரூபாய் வரை ஆகும் என்றும் சொன்னார். எங்களால் 30,000 ரூபாய் புரட்ட முடியும். மீதியை இணையத்தில் திரட்டலாம் என்கிறாள் மகள். கணவரோ, "மொய் வாங்கினால் திருப்பிச் செய்யலாம், நாய்க்காகக் கைநீட்டிவிட்டு எதைத் திருப்பிச் செய்வது?" என்கிறார். கேட்கலாமா?
— வாசகி, பேராவூரணி

பதில்: கேட்கலாம். ஆனால் உங்கள் கணவரின் தயக்கத்தை வெறும் வீம்பு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து வைத்து, கறிச்சோறு போட்டு, வந்த ஒவ்வொரு ரூபாயையும் பெயர் சொல்லி நோட்டில் ஏற்றி, அவரவர் முறை வரும்போது கூடுதலாகவே திருப்பிச் செய்கிற வட்டாரத்தில் வாழ்பவருக்கு, திருப்பிச் செய்ய வழியில்லாத பணம் கடனைவிடக் கனமாகத் தெரிவது இயல்புதான். ஆகவே இது மொய் அன்று, திரும்ப வராது என்பதை வேண்டுகோளின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கணக்கை மட்டும் மொய் நோட்டைப் போலவே வைத்திருங்கள்.

அதற்கும் முன்பாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. மருத்துவர் இதுவரை தொட்டுப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்களுக்கும் நிணநீர்க் கணுக்கள் வீங்குவது உண்டு என்பதால், கட்டியில் ஊசி செலுத்தி உயிரணுக்களை எடுத்துச் சோதித்து, இரத்தப் பரிசோதனையும் செய்து, புற்றுநோய்தான் என்று உறுதியான பிறகே யாரிடமும் பணம் கேட்க வேண்டும். புற்று உறுதியானால் அது எந்த வகை வெள்ளணுவில் தோன்றியது, பி வகையா, டி வகையா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; பி வகை மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், டி வகை பெரும்பாலும் அவ்வளவு காலம் கட்டுப்படாது.

இந்த நோய்க்கு வின்கிறிஸ்டின், சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், பிரெட்னிசோலோன் ஆகிய நான்கு மருந்துகளை முறைவைத்து நான்கு முதல் ஆறு மாதம் வரை கொடுப்பதே வழக்கம். எல்லாம் மனிதர்களுக்குத் தரப்படும் அதே மருந்துகள்தாம். ஆயினும் நாய்க்கு அளவு குறைவு. எஞ்சிய நாள்களை நன்றாக வாழவைப்பதே நோக்கம் என்பதால், மனிதர்கள் படுகிற பாட்டைப் பெரும்பாலான நாய்கள் படுவதில்லை. சிகிச்சை தராவிட்டால் ஓரிரு மாதம். பி வகைக்கு முழுச் சிகிச்சை தந்தால் சராசரியாக ஓராண்டு. கட்டிகள் கரைந்துபோகும், பிறகு பெரும்பாலும் திரும்பி வரும். இதை உங்கள் வேண்டுகோளில் மறைக்காதீர்கள். "செவலையின் உயிரைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதுவதைவிட, "செவலைக்கு இன்னும் ஓராண்டு கிடைக்கக்கூடும், அதற்காகக் கேட்கிறோம்" என்று எழுதினால் கொடுப்பவர் தெரிந்து கொடுப்பார், உங்களுக்கும் பின்னால் தலைகுனிவு இராது.

அவசரமான எச்சரிக்கை ஒன்று: பணம் சேரும்வரை வீக்கம் வடியட்டும் என்று பிரெட்னிசோலோன் மாத்திரையை மட்டும் முன்கூட்டித் தொடங்கிவிடாதீர்கள். வீக்கம் வடியும், நாயும் துள்ளும்; ஆனால் பிறகு கீமோ சரிவர வேலை செய்யாமல் போகக்கூடும். கீமோவே வேண்டாம் என்று முடிவு செய்தால், அந்த மாத்திரையோடு சில வாரங்களை வலியின்றிக் கழிக்கவைப்பதும் கௌரவமான வழிதான். பதினோரு வயது என்பதால் டாக்சோரூபிசின் தருவதற்கு முன்பு இதயத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அந்த மருந்து இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது.

செலவைக் குறைத்துக்கொண்டு கேட்பது நல்லது. உங்கள் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு தொடங்கிய கல்லூரியும் உண்டு. இத்தகைய கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. நோயை உறுதிசெய்யும் சோதனைகளையும் திட்டத்தையும் அங்கே முடித்துக்கொண்டு, வாராந்தர ஊசிகளை எங்கே போடுவது என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக் குறைப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. உறவினரல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் நீங்கள் பெறும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமன்று, முழுத்தொகையுமே உங்கள் வருமானமாகக் கருதப்படும். நீங்கள் திரட்ட நினைப்பதோ 60,000! ஆகவே ஓர் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் விலங்குகளுக்கும் நிதி திரட்டுகிறார்கள். பணம் உங்கள் கணக்குக்கு வராமல் நேரே மருத்துவமனைக்குப் போகும்படி செய்ய முடியுமா, எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதை முதலிலேயே கேளுங்கள். மருத்துவரின் மதிப்பீட்டுச் சீட்டையும் சோதனை முடிவையும் வெளியிடுங்கள். முகம் வாடிய படத்தைத் தேடித்தேடிப் போடவேண்டாம். திண்ணையில் படுத்திருக்கும் சாதாரணப் படமே போதும், நம்புகிறவர் அதையே நம்புவார்.

செவலை மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டால் மிஞ்சும் பணம் என்ன ஆகும் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். அனுப்பியவர்களுக்கே திருப்பித் தரலாம்; இல்லையென்றால் அதே மருத்துவமனையில் படுத்திருக்கும் வேறொரு தெருநாயின் கட்டணத்தில் சேர்க்கலாம். இரண்டாவதுதான் என் விருப்பம், ஏனென்றால் எதைத் திருப்பிச் செய்வது என்று கேட்ட உங்கள் கணவருக்கு அதில் ஒரு விடை இருக்கிறது. அந்த நோட்டை எழுதும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: முகமறியாத ஒருவருடைய நாயின் சிகிச்சைக்கு 2,000 ரூபாய் அனுப்பினேன். வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியுமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: முடியாது. தனிமனிதருக்குக் கொடுப்பது அன்பளிப்பு. அங்கீகாரம் பெற்ற அறநிறுவனத்துக்குக் கொடுத்து ரசீது பெற்றிருந்தால் மட்டுமே அந்தச் சலுகை உண்டு, அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்திருப்பவர்களுக்கு.