"கோரினால் தரப்படும்": ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆய்வு முறைகள் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் முனைவர் பட்ட ஆய்வின் இறுதிக் கட்டத்தில் இருக்கிறேன். இரவுப்பணி பார்க்கும் செவிலியர்களின் உறக்கம் பற்றிய ஆய்வு. உறக்கக் குறிப்பேடுகள், வினாப்பட்டியல், நேர்காணல் ஒலிப்பதிவுகள் என்று மூன்று வகைத் தரவு கையில் இருக்கிறது. முதல் கட்டுரையை அனுப்பும்போது, தரவு எங்கே கிடைக்கும் என்று ஒரு குறிப்பு எழுதித் தரும்படி ஆய்விதழ் கேட்கிறது. "கோரினால் தரப்படும் என்று போட்டுவிடு, எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள்" என்கிறார் என் நெறியாளர். அவர் அனுபவசாலி, என்மீது அக்கறை உள்ளவர். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

தரவைத் திறந்து வைக்கவும் பயமாக இருக்கிறது. அதிலிருந்து இன்னும் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். அதற்குள் வேறு யாராவது எழுதிவிட்டால்? என் கணக்கில் பிழை இருந்து பலர் முன்னிலையில் வெளிப்பட்டால்? என்னை நம்பிப் பேசிய செவிலியர்களுக்குத் தீங்கு வந்தால்? யாரும் இலவசமாக வாசிக்கும்படி, திறந்த அணுக்கத்தில் வெளியிடக் கேட்கும் கட்டணமும் என்னால் கட்டக்கூடியது இல்லை. திறந்த அறிவியல் என்பது பணமும் ஆள்பலமும் உள்ள ஆய்வகங்களுக்கு மட்டும் உரியதா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஓர் ஆய்வாளர்

•

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியை எழுதாதீர்கள். உங்கள் மனம் ஒப்பாததற்கு வலுவான காரணம் இருக்கிறது. தரவைத் தரத் தயார் என்று தங்கள் கட்டுரையிலேயே அறிவித்திருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு எழுதி, தரவைக் கேட்டுப் பார்த்தது ஒரு குழு. அதன் முடிவு 2022இல் வெளியானது. 93 சதவீதம் பேர் பதிலே போடவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள். கொடுத்தவர்கள் ஏழு சதவீதத்துக்கும் குறைவு.

அவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. எழுதும்போது தருவதாகத்தான் எண்ணியிருப்பார்கள். பிறகு வேலை மாறுகிறது, பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி செயலிழக்கிறது, பழைய கணினி கழிக்கப்படுகிறது. எந்தக் கோப்பு இறுதியானது என்று அறிந்திருந்த ஒரே மாணவர் வேறு துறைக்குப் போய்விடுகிறார். 2 முதல் 22 ஆண்டு வரை பழைமையான 516 கட்டுரைகளின் தரவைத் தேடிப்போன இன்னொரு ஆய்வு 2014இல் வெளிவந்தது. கட்டுரைக்கு வயது ஏற ஏற, தரவு இன்னும் எங்காவது இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் ஆண்டுக்கு 17 சதவீதம் குறைந்துகொண்டே போனது. உங்கள் செவிலியர்கள் பணி முடிந்த களைப்பில் உட்கார்ந்து எழுதித் தந்த குறிப்புகளுக்கும் அந்தக் கதி வரக்கூடாது.

மாறாக, பொதுவில் வைக்கப்பட்ட தரவு என்னவாகிறது? புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேமிக்கும் புரதத் தரவு வங்கி 1971இல் ஏழே ஏழு வடிவங்களோடு தொடங்கியது. ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்க அன்று ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் தங்கள் முடிவுகளை அங்கே கொண்டுவந்து சேர்த்தன. ஆய்விதழ்களும் நாளடைவில் அதைக் கட்டாயமாக்கின. அரை நூற்றாண்டு கழித்து, ஆல்ஃபாஃபோல்ட் என்னும் மென்பொருள் அந்தச் சேமிப்பில் பயின்றுதான் புரத வடிவங்களை முன்கூட்டியே கணிக்கக் கற்றுக்கொண்டது. 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அதை உருவாக்கிய இருவருக்குக் கிடைத்தது. எழுபதுகளில் தங்கள் அளவீடுகளை அங்கே ஒப்படைத்தவர்களில் ஒருவராவது இப்படியொரு பயனை நினைத்துப் பார்த்திருக்க முடியாது. உங்கள் தரவுக்கும் நீங்கள் நினைத்துப் பார்க்காத ஒரு கேள்வி என்றாவது வரலாம்.

பிழை பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். மூன்று பயங்களில் இதுவே ஆழமானது என்று கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு புகழ்பெற்ற பொருளியலாளர்கள் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன், நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்று அதில் கண்டிருந்தது. செலவைக் குறைக்க வாதாடிய அரசியலாளர்கள் அதை ஓயாமல் மேற்கோள் காட்டினார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மறுபடி செய்து பார்த்தார். எவ்வளவு முயன்றும் அதே விடை வரவில்லை. ஆசிரியர்களிடம் கேட்டார்; அவர்கள் எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார்கள். சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது. சில நாடுகளின் சில ஆண்டுகளும் சேர்க்கப்படவில்லை; நாடுகளுக்கு எடை கொடுத்த முறையும் கேள்விக்குரியதாக இருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து 2013இல் ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்களும் கணக்கிட்டபோது, அதிகக் கடன் கொண்ட நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதமாக இல்லை, 2.2 சதவீதமாக இருந்தது.

இந்தக் கதையைத் தரவைத் திறப்பதற்கு எதிரான எச்சரிக்கையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் நேர் எதிராகப் படிக்கிறேன். கோப்பு கட்டுரையோடு சேர்ந்தே வெளிவந்திருந்தால் அந்தச் சூத்திரப் பிழை சில வாரங்களில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கும். ஒரு திருத்தக் குறிப்போடு முடிந்திருக்கும். மூன்று ஆண்டுகள் அது உலகக் கொள்கை விவாதங்களில் ஆதாரமாகச் சுற்றிவந்திருக்காது. கேட்டபோது கோப்பைக் கொடுத்தார்கள் என்பதற்காக அந்த ஆசிரியர்களை நான் மதிக்கிறேன். கொடுக்க மறுத்தால் நேர்வதை 2020இல் பார்த்தோம். கொரோனா நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தருவது பற்றி லான்செட் மருத்துவ இதழில் மே 22 அன்று வந்த கட்டுரையின் தரவு, ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. தணிக்கைக்கு வந்தவர்களுக்கு அந்த நிறுவனம் அதைக் காட்ட முன்வரவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலக சுகாதார நிறுவனம் தன் மருந்துச் சோதனையில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தரும் பகுதியை இடைநிறுத்தியிருந்தது.

பிழை எல்லோரிடமும் இருக்கும். அது எப்போது, யாரால் கண்டுபிடிக்கப்படும் என்பது மட்டுமே நம் கையில் உள்ளது. முதலில் கண்டுபிடிப்பவர் நீங்களாக இருப்பதற்குச் சிறந்த வழி, அந்நியர் ஒருவர் படிக்கப்போகிறார் என்ற நினைப்போடு தரவைச் சீர்செய்வது. இதைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் அதிகம் சொல்ல விரும்புகிறேன். திறந்த அறிவியல் என்றவுடன் பலரும் பதிவேற்றும் கடைசிப் பொத்தானை நினைக்கிறார்கள். உழைப்பெல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது, அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை.

உங்கள் உறக்கக் குறிப்பேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவுப்பணி முடிந்து காலை ஒன்பது மணிக்கு உறங்கப் போகிறவரின் உறக்கத்தை எந்தத் தேதியில் சேர்த்தீர்கள்? பணி தொடங்கிய தேதியிலா, முடிந்த தேதியிலா? நள்ளிரவு 12.30 என்று எழுதியிருந்தால் அது எந்த நாளின் கணக்கு? பணிக்கு நடுவே போட்ட குட்டித் தூக்கம் மொத்தத்தில் உண்டா, இல்லையா? பதில் தராத இடங்களில் 99 என்று இட்டிருக்கிறீர்களா? விவரம் தெரியாத ஒருவர் சராசரி எடுத்தால் உங்கள் செவிலியர்களில் சிலர் 99 மணி நேரம் உறங்கியதாக ஆகிவிடும். இந்த முடிவுகளையெல்லாம் எடுத்த காரணம் இன்று உங்களுக்குத் தெரியும். இரண்டு ஆண்டு கழித்து, மூன்றாவது கட்டுரை எழுத உட்காரும்போது உங்களுக்கே தெரியாது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர், பொருள், அலகு, விடுபட்ட மதிப்பின் குறியீடு ஆகியவற்றைச் சொல்லும் ஒரு தரவு அகராதியை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். முதலில் சேகரித்த கோப்பை ஒரு தனி அடைவில் பூட்டிவையுங்கள், அதில் கைவைக்காதீர்கள். நீக்கியது, மாற்றியது, கூட்டியது எல்லாம் நிரல் வழியாகவே நடக்கட்டும். அப்போது எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தடம் இருக்கும். இறுதித் தரவை எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி வடிவில் சேமியுங்கள்.

எக்செல் தானாகச் செய்யும் மாற்றங்களைக் கவனியுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டும். மார்ச்1, செப்ட்2 என்ற பெயர் கொண்ட மரபணுக்களை அது தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடும். எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழை இருந்ததை 2016இல் கண்டுபிடித்தார்கள். கடைசியில், 2020 வாக்கில், மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. தேதியும் நேரமும் நிறைந்த உங்கள் கோப்புக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

செவிலியர்கள் விஷயத்தில் உங்கள் பயம் முழுக்க நியாயமானது. அங்கே நான் உங்களை அவசரப்படுத்த மாட்டேன். பெயரை நீக்கினால் அடையாளம் மறைந்துவிடும் என்பது உண்மையில்லை. லத்தான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியலாளர், அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு ஒரு மதிப்பீடு செய்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீட்டு எண் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே அந்நாட்டு மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்றார். உங்கள் ஆய்விலோ வட்டம் இன்னும் சிறியது. ஒரு மருத்துவமனையின் ஒரு பிரிவில் இரவுப்பணி பார்க்கும் ஆண் செவிலியர் ஒரே ஒருவராக இருக்கலாம். வயதை ஐந்தாண்டு, பத்தாண்டு இடைவெளிகளாக்குங்கள். பிரிவின் பெயரை நீக்குங்கள். ஒரே ஒருவரை மட்டும் சுட்டும் சேர்க்கைகள் மிஞ்சுகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒலிப்பதிவுகளைப் பொதுவில் வைக்கவே கூடாது, குரலே அடையாளம். நேர்காணலின் எழுத்து வடிவமும் எளிதல்ல: மேலதிகாரியோடு நடந்த ஒரு சண்டையை அவர் விவரித்திருந்தால், உடன் வேலை செய்பவர்களுக்கு அது யார் என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஒப்புதல் படிவம். அதில் அவர்களிடம் என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினீர்களோ அதுதான் எல்லை. ஆய்வுக் குழுவைத் தவிர வேறு யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தால், எந்த ஆய்விதழ் கேட்டாலும் தரக்கூடாது. 2016இல் வகுக்கப்பட்ட 'ஃபேர்' கோட்பாடுகள் தரவு கண்டறியத்தக்கதாக, அணுகத்தக்கதாக, பிற தரவோடு இணையத்தக்கதாக, மறுபயன்பாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்கின்றன. எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அவை சொல்லவில்லை. தரவு பூட்டியிருந்தாலும் அதன் விவரிப்பு திறந்திருக்கலாம்: என்ன தரவு, எப்படிச் சேகரித்தது, யார் எந்த நிபந்தனையில் பார்க்கலாம், யாரிடம் விண்ணப்பிப்பது. இந்த விண்ணப்பத்தை முடிவுசெய்பவர் நீங்களாக இல்லாமல் நெறிமுறைக் குழுவாகவோ தரவைச் சேமித்துவைக்கும் களஞ்சியமாகவோ இருந்தால், நீங்கள் வேறிடம் போனபிறகும் கதவு இயங்கும்.

யாராவது முந்திக்கொள்வார்களோ என்ற கவலை பழையது. ராபர்ட் ஹூக் 1676இல் தன் நெகிழ்ச்சி விதியை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராக அச்சிட்டார். முன்னுரிமை தனக்கு வேண்டும், விதியோ பிறர் கைக்குப் போகக்கூடாது என்பதற்காக. 1678இல்தான் விடையை வெளியிட்டார். இன்று அந்த உத்தி உங்களுக்குத் தேவையில்லை. ஜெனோடோ போன்ற ஒரு களஞ்சியத்தில் தரவை இட்டால் தேதியோடு, இணையத்தில் அதை நிலையாகச் சுட்டும் டிஓஐ எண்ணோடு உங்கள் பெயரில் பதிவாகிவிடும். ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனமான சேர்ன் 2013 முதல் நடத்தும் அந்தக் களஞ்சியத்துக்குக் கட்டணம் இல்லை. அடுத்த இரண்டு கட்டுரைகள் வரும்வரை கோப்பை மூடிவைத்து, திறக்கும் தேதியை முன்னரே குறித்துவிடலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதல் கட்டுரையின் எண்களுக்கு ஆதாரமான பகுதியை அந்தக் கட்டுரையோடேயே, அடையாளம் நீக்கித் திறந்துவிடுங்கள். வினாப்பட்டியலையும் நிரலையும் மூடிவைக்க எந்தக் காரணமும் இல்லை. உரிமம் குறிப்பிட மறக்காதீர்கள். உரிமம் இல்லாத தரவைப் பயன்படுத்த நேர்மையானவர்கள் தயங்குவார்கள். உங்கள் பெயரைச் சொல்லிப் பயன்படுத்தலாம் என்ற சிசி-பை உரிமம் போதுமானது.

கட்டணம் பற்றிச் சுருக்கமாக. நேச்சர் இதழ் 2020இல் அறிவித்த திறந்த அணுக்கக் கட்டணம் 9,500 யூரோ. அதைப் பார்த்துத்தான் இது பணக்காரர்களின் விஷயம் என்ற எண்ணம் வருகிறது. அந்தக் கட்டணமுறை ஆய்வுலகத்துக்கு நேர்ந்த அநீதி என்றே கருதுகிறேன். ஆனால் கட்டுரையைத் திறக்கக் காசில்லாத வழிகள் உண்டு. இயற்பியலாளர்கள் 1991 முதல் ஆர்க்கைவ் தளத்தில் முன்பதிப்புகளை, அதாவது மதிப்பாய்வுக்கு முந்தைய கட்டுரை வடிவங்களை, இலவசமாக இட்டுவருகிறார்கள். மருத்துவ ஆய்வுகளுக்கு 2019 முதல் மெட்ஆர்க்கைவ் இருக்கிறது. சந்தா வாங்கும் இதழ்களில் பலவும், மதிப்பாய்வுக்குப் பின் ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியை உங்கள் நிறுவனக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கின்றன. சில இதழ்கள் அதற்குக் காத்திருப்புக் காலம் விதிக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அந்தப் பகுதியை வாசியுங்கள். சில நாட்களில் வெளியிட்டுத் தருகிறோம் என்று அழைப்பு அனுப்பிக் காசு கேட்கும் இதழ்களிடமிருந்து விலகியிருங்கள்.

நெறியாளரிடம் கொள்கை விவாதம் தொடங்க வேண்டாம். ஆய்விதழ் கேட்கும் குறிப்பையே எழுதி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்: "இக்கட்டுரையின் அட்டவணைகளுக்கு ஆதாரமான, அடையாளம் நீக்கப்பட்ட உறக்கக் குறிப்பேட்டுத் தரவும், வினாப்பட்டியலும், தரவு அகராதியும், பகுப்பாய்வு நிரலும் இன்ன டிஓஐ எண்ணில் கிடைக்கின்றன. பங்கேற்பாளர்களின் ஒப்புதல் வரம்பு காரணமாக நேர்காணல் பதிவுகள் பொதுவில் வைக்கப்படவில்லை; எழுத்து வடிவங்களைப் பார்வையிட நிறுவன நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம்." அவரும் கட்டுரையின் இணையாசிரியர் என்பதால் அவர் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள். ஆனால் குறிப்பைக் காட்டுவதற்கு முன்னால் ஒப்புதல் படிவத்தை எடுத்து மறுபடி வாசியுங்கள். அடையாளம் நீக்கிய தரவைப் பகிர அதில் இடம் உண்டா என்பதில் உங்களுக்குச் சிறு ஐயம் இருந்தாலும், படிவத்தை இணைத்து நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கேளுங்கள். அவர்களுடைய பதில் எழுத்தில் வந்தபிறகு முதல் கோப்பைப் பதிவேற்றலாம்.

அன்புடன்,
ஆசிரியர்