ராஜினாமா மெயில் அனுப்புவதற்கு முன்

வணக்கம் ஐயா,

எங்கள் நிறுவனத்தில் ஒரே வாரத்தில் சென்னை, பெர்லின், அமெரிக்கா மூன்று இடத்திலும் ஆட்குறைப்பு. சென்னையில் என் டீம்காரர்கள் அன்று மாலையே ராஜினாமா கொடுத்து, லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பெர்லின்காரர்களுக்கு இன்னும் சம்பளம் வருகிறது. நமக்குச் சட்டமே கிடையாதா?

கா., சென்னை

அன்புள்ள கா.,

இருக்கிறது. ஜெர்மனியில் அது வேலையைவிட்டு அனுப்பும் முன்பே குறுக்கே நிற்கும். இங்கே அனுப்பிய பிறகு நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

அங்கே பணியாளர்களே தேர்ந்தெடுத்த பணியாளர் குழு உள்ள நிறுவனம், அந்தக் குழுவிடம் கருத்துக் கேட்காமல் ஒருவரை நீக்கினால் அந்த நீக்கம் செல்லாது. யாரை அனுப்புவது என்பதிலும் பணிக்காலம், வயது, குடும்பப் பொறுப்பு, கடும் ஊனம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 20 வருடம் வேலை பார்த்தவருக்குச் சட்டப்படி 7 மாத நோட்டீஸ். நோட்டீஸ் வந்த 3 வாரத்துக்குள் அவர் தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் போகலாம். வழக்கில் சிக்குவதைவிடப் பேசிப் பணம் கொடுப்பது மேல் என்று நிறுவனமே இறங்கி வருகிறது.

அமெரிக்காவில் பெரிய அளவு ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு, 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி. இழப்பீடு தரச் சொல்லும் மத்தியச் சட்டம் இல்லை. நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடும் வேலையோடு போகும்; தொடர வேண்டுமானால் முழு பிரீமியத்தையும் கைக்காசில் கட்ட வேண்டும். எச்1பி விசாவில் இருப்பவர் அதிகபட்சம் 60 நாளில் வேறு வேலை தேடாவிட்டால் பெரும்பாலும் கிளம்ப வேண்டியதுதான். பிள்ளைகளின் பள்ளி, வீட்டுக்கடன் எல்லாம் அந்த 60 நாளுக்குள் தொங்குகின்றன.

நம் நாட்டில் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம், ஒரு வருடம் வேலை செய்த தொழிலாளருக்கு ஒரு மாத நோட்டீசும், பணியாற்றிய வருடத்துக்கு 15 நாள் சம்பளமும் கொடுத்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் நிறுவனம் நீக்கினால்தான் இது. நீங்களே ராஜினாமா செய்தால் கிடையாது. அதனால்தான் மீட்டிங் ரூமில் உட்காரவைத்து, "ரிலீவிங் லெட்டர் வேணும்னா இப்பவே மெயில் போடுங்க" என்கிறார்கள். அடுத்த கம்பெனியின் பேக்ரவுண்டு வெரிஃபிகேஷனை நினைத்து எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். இது அப்பட்டமான மிரட்டல்.

அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். நீக்குவதாக இருந்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே ராஜினாமா கொடுத்திருந்தால், வற்புறுத்தலால் கொடுத்தது என்று அன்றே மெயில் அனுப்புங்கள்; மாதங்கள் கழித்துச் சொன்னால் எடுபடுவது கடினம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அப்ரைசல் நகல்கள் உங்கள் கையில் இருக்கட்டும். பிறகு தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். "நீங்கள் மேனேஜர், தொழிலாளர் இல்லை" என்பார்கள். பதவிப் பெயரை வைத்து அது முடிவாகாது; உண்மையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

'பேக்கேஜ்' என்று ஒரு தொகை காட்டினால், அதிலிருந்து நோட்டீஸ் சம்பளம், விடுப்புப் பணம், 5 வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி மூன்றையும் கழித்துப் பாருங்கள். அவை எப்படியும் உங்களுக்கு வரவேண்டியவை. மிச்சம் இருப்பதுதான் அவர்கள் தருவது.