வாட்டர் சர்வீஸ் வைக்கப் போகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

தாராபுரம் பக்கம் கிராமத்துச் சாலையில் 11 வருஷமாக வாட்டர் சர்வீஸ் நடத்துகிறேன். பைக், கார், டிராக்டர், அறுவடை நேரத்தில் கதிர் அறுக்கும் மெஷின் என்று எல்லாம் வரும். இந்த மாதம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, அமெரிக்காவில் காசு போட்டால் தண்ணீர் வருமாம், வண்டிக்காரரே கழுவிக்கொண்டு போவாராம். மாமா மகன் சொன்னான். ஒட்டன்சத்திரம் பக்கம் அப்படி வைக்கலாமா?

பதில்: வைக்கலாம் தம்பி, ஆனால் கார்களை நம்பி வேண்டாம். 3 வருஷத்துக்கு முன் வண்டியை ஏற்றிக் கழுவும் என் இரண்டு ரேம்பில் ஒன்றை அப்படி மாற்றினேன். போனில் பணம் வந்ததும் பையன் டைமரை 20 நிமிஷத்துக்கு வைப்பான். நேரம் முடிந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும். டிராக்டர்காரர்கள் விரும்பி வருகிறார்கள். சேற்று உழவு முடித்து வருகிறவருக்குத் தன் வண்டியைத் தானே கழுவினால்தான் திருப்தி. கார்காரர்கள் துணி நனைய நிற்பதில்லை.

ஆள் இல்லாமல் மட்டும் விடாதீர்கள். தண்ணீர் பீய்ச்சும் கன்னைத் தரையில் போட்டால் அதன் முனையில் உள்ள நாசில் நசுங்கும். கன்னை மூடிவிட்டு மோட்டாரை ஓடவிட்டால், அதே தண்ணீர் பம்புக்குள் சுற்றிச் சுற்றிச் சூடாகி, தண்ணீர் கசியாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தைத் தின்றுவிடும். கழுவுவது அவராக இருந்தாலும் கண் நம்முடையதாக இருக்கவேண்டும்.

கேள்வி: மோட்டார் 3 எச்பி போதுமா, 5 எச்பி போடவா?

பதில்: தண்ணீரின் அழுத்தத்தை ‘பார்’ என்ற அளவில் எடுத்து, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்பதால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 80 பார், 12 லிட்டர் என்றால் 1.6. பெல்ட், பம்ப் இழப்பைச் சேர்த்தாலும் 3 எச்பி (சுமார் 2.2 கிலோவாட்) தாராளம். இரண்டு கன் ஒரே நேரத்தில் ஓடவேண்டும் என்றால்தான் 5 பற்றி யோசியுங்கள்.

கேள்வி: பம்ப் ஆயில் மோர் மாதிரி வெளுத்துவிட்டது. ஹோஸும் துள்ளுகிறது.

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறு. ஆயில் வெளுத்தால் சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். இன்றே நிறுத்துங்கள், சீலை மாற்றிப் புது ஆயில் ஊற்றுங்கள். ஹோஸ் துள்ளினால் உறிஞ்சும் பக்கம் பாருங்கள். ஃபில்டர் அடைத்திருக்கும், காற்று இழுக்கும், அல்லது வால்வில் மண் சிக்கியிருக்கும். முதல் வருஷம் போர் தண்ணீரை நேராகப் பம்புக்கு விட்டு நான் இரண்டு செட் சீல் இழந்தேன். இப்போது முதலில் தொட்டி, மணல் தெளிந்த பிறகுதான் பம்ப்.

கேள்வி: கழுவிய கார் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழுகிறது. உப்புத் தண்ணீரை மென்மையாக்கும் சாப்ட்னர் போட்டால் போகுமா?

பதில்: எங்கள் போரில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,800. அந்தத் துன்பம் எனக்கு நன்றாகத் தெரியும். சாப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கும். அதனால் டிடிஎஸ் குறையாது. புள்ளி விழத்தான் செய்யும், ஆனால் ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும். நான் அதற்குப் பதிலாக மழைத்தண்ணீரைப் பிடிக்கிறேன். 1,000 சதுர அடி கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். கார் முழுதும் போர் தண்ணீரில் கழுவிவிட்டுக் கடைசி அலசலுக்கு மட்டும் அதில் இரண்டு வாளி. ஐப்பசி மழை நன்றாக இருந்தால் தை வரை எனக்கு ஓடும். அப்புறம், உச்சி வெயிலில் எந்தத் தண்ணீரில் கழுவினாலும் புள்ளிதான். நிழலில் நிறுத்தி, காயும் முன் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: தோட்டத்து இலவச மின்சாரத்திலேயே ஓட்டலாமா?

பதில்: கூடாது. அது விவசாயத்துக்குக் கொடுத்தது. வணிக இணைப்பு வாங்குங்கள். கூடவே நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே ட்ரிப் ஆகி இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச். ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கும் பையனின் உயிர் அதில் இருக்கிறது.

கேள்வி: எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் பேட்டரிக்கு ஐபி67 என்று போட்டிருக்கிறார்கள். கன் அடிக்கலாமா?

பதில்: அந்த எண் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தால் தாங்குவதைச் சொல்கிறது. பாய்ந்து அடிக்கும் தண்ணீர் வேறு. அங்கே ஈரத்துணி போதும்.

கேள்வி: நான் சர்வீஸ் வைத்திருப்பவன் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரன். வண்டி கழுவுகிற தண்ணீர் என் வாய்க்காலில் எண்ணெய் படலத்தோடு வருகிறது. என்ன செய்வது?

பதில்: ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. அந்தக் கடைக்காரரிடம் இதைக் காட்டுங்கள். வரிசையாக மூன்று தொட்டி கட்டவேண்டும். முதலாவதில் சேறு படியும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் போகும் குழாயின் வாய் அடியில் இருக்கவேண்டும், அப்போதுதான் எண்ணெய் மேலே மிதந்து அங்கேயே நிற்கும். மூன்றாவதில் தெளிந்து வருவதைச் சின்ன மோட்டார் வைத்து டிராக்டர் சேற்றை ஊறவைக்க எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். எண்ணெயை வழித்து டிரம்மில் சேர்த்து, அனுமதி பெற்ற ஆளிடம் கொடுக்கவேண்டும். அந்தச் சேற்றை உரம் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அதில் கிரீஸ் கலந்திருக்கும்.

அவர் செலவுக்குப் பயப்பட்டால் என் கடைக்கு அனுப்புங்கள். தொட்டியின் மூடியைத் திறந்து காட்டுகிறேன், அளவும் எழுதிக் கொடுக்கிறேன். அதற்கும் அசையாவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.