புகைபோக்கிக்குப் பொன்னாடையா?

கேள்வி: ஆலைப் புகையில் இருக்கும் கந்தகம் மழையோடு வயலில் இறங்கினால், நெல் வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன், அதாவது பூமியைச் சூடாக்கும் வாயு, குறைகிறது என்று விஞ்ஞானிகளே சொல்கிறார்களாம். அப்படியிருக்க, எண்ணூர் வட்டார அனல்மின் நிலையங்களின் புகையைப் பற்றி நீங்கள் இதழுக்கு இதழ் புலம்புவது ஏன்? அந்தப் புகைபோக்கிகளுக்குப் பொன்னாடை அல்லவா போர்த்த வேண்டும்! - ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: அண்ணா நகரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள், எண்ணூரை ஒட்டிய எர்ணாவூரிலிருந்து அல்ல. அதை முதலில் குறித்துக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. தண்ணீர் கட்டிய வயலின் சேற்றுக்குள் காற்று போகாது. அங்கே வைக்கோலும் வேர்க்கழிவும் மட்கும்போது வரும் ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும் தின்று ஒரு வகை நுண்ணுயிர் மீத்தேனை வெளியே விடுகிறது. சாண எரிவாயுக் கலனுக்குள் நடப்பதும் இதேதான். களை எடுக்க இறங்கினால் கால் பட்ட இடத்தில் குமிழி கிளம்புமே, அதில் இருப்பதும் அதுதான், ஆனால் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழல்கள் வழியாகச் சத்தமில்லாமல் வெளியேறிவிடும். இந்த இடத்தில் புகையின் கந்தகம் மழையோடு சல்பேட்டாக வந்து சேர்ந்தால், அதை வைத்துப் பிழைக்கும் வேறொரு பாக்டீரியாக் கூட்டம் பந்திக்கு முந்திக்கொண்டு அதே தீனியைக் காலி செய்துவிடுகிறது. மீத்தேன் கோஷ்டிக்கு வெறும் இலைதான் மிச்சம்.

வின்சென்ட் காவ்சி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரின் குழு 2008இல் இதைச் செயற்கை அமில மழை பெய்ய வைத்துச் சோதித்துப் பார்த்தது. மீத்தேன் 24 சதவீதம் குறைந்தது. உங்களுக்குச் செய்தி சொன்னவர் இங்கேயே நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. அந்த 24 சதவீதம் கதிர் பால் பிடித்து முற்றும் கட்டத்துக்கு மட்டும் வந்த கணக்கு, முழுப் பருவத்துக்கும் அல்ல. ஊற்றிய கந்தகமும் சீனாவில் அமில மழை மோசமாக இருந்த பகுதிகளின் அளவு. அந்தச் சீனாவே பிறகு கந்தகப் புகையைப் பெருமளவு குறைத்துக்கொண்டது, வயலுக்கு நல்லது என்று வைத்துக்கொண்டிருக்கவில்லை.

புகை வயலின் விலாசத்தை விசாரித்துக்கொண்டு போகாது. வழியில் இருக்கிற நுரையீரலுக்குள் முதலில் நுழையும், சல்பேட் நுண்துகளாக மாறி இன்னும் ஆழமாகவும் போகும், ஆஸ்துமாக்காரர்களைக் கேளுங்கள். வயலிலும் எல்லாம் லாபமில்லை. சல்பேட் தின்னும் அந்தக் கூட்டம் ஹைட்ரஜன் சல்பைடை விடுகிறது, அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே, அது. மண்ணில் இரும்புச்சத்து போதாவிட்டால் அது நெல்லின் வேரையே கருக்கிவிடும்.

எனக்கு இதில் வேடிக்கையாகப் படுவது வேறொன்று. புகையிலிருந்து கந்தகத்தைப் பிடிக்கச் சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளிக்கிறார்களே, அதில் கடைசியில் கிடைப்பது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ போடுகிறார்களே, அதே ஜிப்சம். பிலிப்பைன்ஸில் நெல் வயலில் ஹெக்டேருக்கு 6.66 டன் போட்டுப் பார்த்தபோது மீத்தேன் 55 முதல் 70 சதவீதம் குறைந்ததாக 1994இல் எழுதினார்கள். ஆறரை டன் ஜிப்சத்தை எந்த விவசாயி வண்டி வைத்து இறக்குவார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் வயலுக்குக் கந்தகம்தான் வேண்டுமென்றால் அது மூட்டையில் வரட்டும், ஊரார் மூக்கு வழியாக எதற்கு? பிடிக்கும் கருவியைத்தான் மாட்ட மாட்டேன் என்கிறார்கள். 2015 டிசம்பரில் விதி போட்டு, இரண்டு வருடம் கெடு கொடுத்து, அதைத் தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கும் கொடுத்தாகிவிட்டது.

ஒன்றை மறைக்கவில்லை. காற்று சுத்தமானால் வயலும் சதுப்பு நிலமும் இப்போதைவிடக் கூடுதலாக மீத்தேன் விடத்தான் செய்யும், அதை வேறு வழியில் ஈடுகட்டியாக வேண்டும். வழி நம் ஊரிலேயே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைக்காமல், மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டதும் மறுபடி பாய்ச்சினால், சேற்றுக்குள் காற்று புகுந்து மீத்தேன் ஏறக்குறைய பாதியாகிவிடும். பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், இருந்தாலும் கூட்டிக் கழித்தால் லாபம்தான். மோட்டார் ஓடும் நேரமும் மிச்சம்.

பொன்னாடை வாங்கிவிட்டீர்களென்றால் வீணாக்க வேண்டாம், பொன்னேரிப் பக்கம் மடையை நேரம் பார்த்துத் திறந்து அடைக்கிற யாருக்காவது போர்த்துங்கள். கும்மிடிப்பூண்டி ரயிலில் போனால் எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் தாண்டித்தான் பொன்னேரி வரும். நடுவில் ஜன்னலை இறக்கி மூடிவிடத் தோன்றும். இறக்காதீர்கள்.