கேள்வி உங்களுடையது: பெயர் தெரியாத பிணமும் 251 பேரும்

கேள்வி: 1948 டிசம்பர் 1 அன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பக்கம் சோமர்டன் கடற்கரையில் பிணமாகக் கிடந்தவர் சாதாரண ஆள்தான் என்று சொல்லிவிட்டார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. துணியில் லேபிள்களை வெட்டியது, சங்கேத எழுத்து, பையில் பாரசீகக் கவிதைப் புத்தகத்தின் கிழிசல், இதெல்லாம் உளவாளிக்குத்தானே பொருந்தும்?
(வாசகர், திருமங்கலம்)

பதில்: உங்களுக்கு முன்னால் பெரிய வரிசையே நிற்கிறது ஐயா. பிணம் கிடைத்த மறுநாளே ஒரு பேப்பர் இவர் இன்னார் என்று பெயர் போட, அதற்கு அடுத்த நாள் அந்த இன்னாரே உயிரோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தார். 1953 நவம்பருக்குள் இந்த ஆளை எனக்குத் தெரியும் என்று வந்தவர்களின் கணக்கு 251-ஐத் தொட்டுவிட்டதாக அங்கே போலீசே சொன்னது. அப்போது பனிப்போர் காலம், அதே மாநிலத்தில் வூமெரா ஏவுகணைத் தளம் வேறு, கேட்கவா வேண்டும்.

இத்தனை பேரும் தாண்டிப்போன துப்பு ஒன்று உண்டு. அடிலெய்டு ரயில் நிலையத்தில் கிடைத்த அவருடைய பெட்டியில் ஒரு டையில் 'டி. கீன்' என்று எழுதியிருந்தது. அந்தப் பெயரில் காணாமல் போனவர் யாரும் ஒத்துவரவில்லை என்பதால், போலீசைக் குழப்புவதற்காக வேண்டுமென்றே விட்டுவைத்த பெயர் என்று முடிவு கட்டினார்கள். 2022 ஜூலையில் அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் அபாட் (மின்பொறியியல்காரர், துப்பறிவது அவர் தொழில் இல்லை), டிஎன்ஏவை வைத்து வம்சம் தேடும் அமெரிக்காவின் கொலீன் ஃபிட்ஸ்பேட்ரிக்கோடு சேர்ந்து அறிவித்த பெயர் கார்ல் வெப். 1905-ல் மெல்போர்ன் பக்கம் பிறந்து, கருவிகள் செய்து பிழைத்தவர். அவருடைய அக்காள் வீட்டுக்காரர் பெயர் தாமஸ் கீன்! மச்சானின் பழைய டை இவரிடம் வந்திருக்கும், வேறென்ன. ஆஸ்திரேலியாவில் துணி ரேஷன் அவர் செத்த 1948-ல்தான் முடிந்திருந்தது. அடுத்தவர் துணியை வாங்கி, லேபிளைப் பிய்த்துவிட்டுப் போட்டுக்கொள்ள உளவாளியாக இருக்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அபாட் பட்ட பாடுதான். நீங்கள் சொன்ன கிழிசல் எந்தக் கவிதைப் புத்தகத்திலிருந்து வந்ததோ, அதன் பின்பக்கத்தில் ஒரு நர்ஸின் போன் நம்பர் இருந்தது. நர்ஸின் மகனுக்கும் செத்தவருக்கும் காது மடல் ஒரே மாதிரி, இருவருக்குமே முன்வரிசையில் சில பற்கள் பிறவியிலேயே இல்லை. ஆகவே இவர்தான் அப்பா என்று அபாட் பல காலம் நினைத்தார். நர்ஸின் பேத்தியைக் கல்யாணமும் செய்துகொண்டார். அதாவது, செத்தவர் தன் மனைவிக்குத் தாத்தா என்பது அவர் கணக்கு. அப்புறம், 1949-ல் பிணத்துக்கு எடுத்த பிளாஸ்டர் அச்சில் ஒட்டியிருந்த முடியிலிருந்து டிஎன்ஏ எடுத்து, ஏறக்குறைய 4,000 பேர் கொண்ட வம்ச மரம் போட்டுப் பார்த்தால், தாத்தா உறவு இல்லை என்று வந்தது. அவர் அதை மூடி மறைக்கவில்லை. எதைக் காட்டினால் தன் ஊகம் செத்துப்போகும் என்று தெரிந்து, அதையே தேடிப்போனவர் அவர். உங்கள் உளவாளியை எது பொய்யாக்கும் என்று நீங்கள் எழுதவே இல்லையே? லேபிள் இருந்தால் வேஷம், இல்லாவிட்டால் மறைப்பு என்றால் அந்த ஊகத்தை யாராலும் அசைக்க முடியாது, அதனால் பிரயோசனமும் இல்லை.

வெப் என்று அறிவித்தபோது போலீஸ் அதை உறுதிசெய்யவில்லை என்பது உண்மை. எப்படிச் செத்தார் என்பதும் தீரவில்லை. ஊகம் செய்ய ஆசையிருந்தால் அங்கே இடம் இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் போட் மெயில் ரயிலில் வந்த தலையில்லாத பிணத்தை டிஎன்ஏ இல்லாமலே கண்டுபிடித்தார்களே?
(வாசகி, மானாமதுரை)

பதில்: 1952 ஆகஸ்டில் ட்ரங்குப் பெட்டிக்குள் வந்தது. அதே சமயம் சென்னையில் பேனா வியாபாரி ஆளவந்தாரைக் காணோம் என்று புகார் வந்திருந்தது, ராயபுரம் கடற்கரையில் தலையும் கிடைத்தது. பல்லும் காதும் கைரேகையும் சேர்ந்து ஆளைச் சொல்லிவிட்டன. தேடுவதற்கு ஒரு குடும்பம் இருந்ததுதான் இதில் பாதி வேலை. வெப்புக்கு அது இல்லை. மனைவியைப் பிரிந்து போனவர், அவரைக் காணோம் என்று போலீசுக்கு யாரும் போகவில்லை.

கேள்வி: பேப்பரில் 'அடையாளம் தெரியாத ஆண் பிணம்' என்று படத்தோடு வருகிறது. முகச்சாயலை வைத்து நானே தேடிச் சொல்லலாமா?
(கல்லூரி மாணவர், செல்லூர்)

பதில்: முகத்தை விட்டுவிடுங்கள். செத்த முகம் ஊதும், நிறம் மாறும், பெற்ற தாயே தவறலாம். கையில் பச்சை குத்திய பெயர், சட்டைக் காலரில் தையல்கடைச் சீட்டு, சலவைக் குறி, ஆபரேஷன் தழும்பு, இவற்றைப் பாருங்கள். உசிலம்பட்டித் தையல்காரர் பெயர் காலரில் இருந்தால் பஸ் ஏறிப் போய் அவரிடம் கேட்கலாம், ஐந்து நிமிஷ வேலை. வெப்புக்குப் போட்டதுபோல வம்ச மரம் போடலாம் என்று கிளம்பாதீர்கள். அதற்கு உறவுக்காரர்கள் தங்கள் டிஎன்ஏவைத் தாங்களாகவே பொதுத் தளத்தில் ஏற்றியிருக்க வேண்டும், நம் பக்கம் அந்தப் பழக்கம் பரவவில்லை. ஏதாவது கிடைத்தால் அந்த அறிவிப்பில் உள்ள ஸ்டேஷனுக்குப் போன் போடுங்கள். காணாமல் போனவர் வீட்டுக்கு நேரே போய்க் கதவைத் தட்ட வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் வேண்டாம்.